கூட்டறிக்கை

தலைவி வாசிக்கச் சொன்னா.
வாசித்தேன்.
சென்ற மாதம் இருபத்துமூன்று பேர்.
ஆரம்ப ஜெபம் திருமதி பியற்றிஸ் செல்லத்துரை.
ஆண்டு விழாச் சீலை மயில் கழுத்துப் பச்சை,
அதை வெட்டி வெங்காயத் தோல் நிறம்,
அதையும் வெட்டி, நிறம் பற்றி ஓர் உபகுழு.
பதாகை ஆறடிக்குப் பத்தடி.
வாசகம்: ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்போம்.
கல்முனையில் அடித்தால் நாலாயிரத்து ஐந்நூறு,
மட்டக்களப்பில் கொஞ்சம் கூட, ஆனால் எழுத்து வடிவு.
முன்மொழிந்தவர். வழிமொழிந்தவர்.
பெரிய கல்லாற்றில் எங்கள் மாதர் ஐக்கியம்
பிழையின்றி நடக்கிறது என்பதற்கு
என் கையெழுத்தே சாட்சி.

ரூபவதி மூன்று மாதமாக வரவில்லை.
அதுவும் என் கையெழுத்தில் இருக்கிறது,
சமுகமளிக்காதோர் என்பதற்குக் கீழே
ஏழாவது பெயராக.

அந்தச் செவ்வாய் மண்டபத்துத் திறப்பு
கோயிற்பிள்ளையின் சட்டைப் பையில்
ஏறாவூருக்குப் போய்விட்டது.
வாவிப் பக்கமிருந்து காற்று
சீலைகளைப் பிடித்து இழுத்தது.
இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி,
ஒரு வாளி அவித்த கடலை,
பதினொரு பெண்கள், பூட்டின கதவு.
"கலைவம்," என்றா தலைவி.
"இந்தக் கடலைய எங்க கொண்டு கொட்டுற கா?
ரூபவதிட ஊடு கிட்டத்தானே," என்றா யூனிஸ்.
வேறு வெளிப்பாடு ஒன்றும் இல்லை.
கடலை பழுதாகும் என்ற பயம்தான்
எங்களை நடத்தியது.

எல்லா யன்னலும் சாத்தியிருந்தது.
உள்ளே விசிறி சுற்றும் சத்தம்.
தட்டினோம்.
விசிறி நின்றது.
கோயிலில் இருந்து என்று சொன்ன பிறகு
கதவு ஒரு கை அகலம் திறந்தது.
"லோன்காரன் எண்டு நினைச்சன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணி.
நாங்கள் கூடும் அதே நேரம்.
நாங்கள் பாட்டுப் புத்தகம் புரட்டும்போது
அவள் பாயில் மூச்சடக்கிப் படுத்திருந்திருக்கிறாள்,
மகனின் வாயைப் பொத்திக்கொண்டு.
நான் மூன்று தடவை ஞாபகக் கடிதம் அனுப்பினேன்,
அச்சடித்தது,
கீழே ஒரு வசனத்தோடு.

அன்று யாரும் வசனம் சொல்லவில்லை.
பியற்றிஸ் குசினிக்குள் போய்
கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினா.
நேசமலர் பையனின் கணக்குக் கொப்பியோடு குந்தினாள்.
எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
கடலை பங்கிட்டேன்.

மோட்டார் சைக்கிள் வந்தது.
ஹெல்மெட் கழற்றாத பொடியன்
முற்றத்தில் இத்தனை வெள்ளைச் சீலையைக் கண்டு
செத்த வீடு என்று நினைத்திருப்பான்,
குரலைத் தாழ்த்திக்கொண்டான்.
"இரி தம்பி, தேத்தண்ணி குடி," என்றா யூனிஸ்.
"மறுகா அந்தக் கொப்பிய எங்களுக்கும் வாசி."
வாசித்தான்.
எடுத்தது, கட்டினது, வட்டி, பிந்தின நாள்.
என் அறிக்கையைவிடத் தெளிவான அறிக்கை.
வங்கியில் இருந்து இளைப்பாறின சறோஜினி
மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து
ஒரு தவணை இரண்டு தரம் விழுந்திருப்பதைக் காட்டினா.
பொடியன் வியர்த்தான்.
அவனுக்கும் கடலை கொடுத்தோம்.

கடன் தீரவில்லை, அதை எழுதவேண்டும்.
பதாகைக் காசு அங்கேயே கைமாறியது என்று
எழுத ஆசைதான்.
தனாதிகாரி கைப்பையை மூடியேதான் வைத்திருந்தா.
ஆனால் செவ்வாய் தோறும் இருவர்
மாறி மாறிப் போய் அங்கே இருக்கிறோம்.
யன்னல் திறந்திருக்கிறது.
சிலவேளை அவன் வருவதில்லை,
சும்மா ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறோம்.

அடுத்த கூட்டத்தில் திரும்பவும் சீலைச் சண்டை.
மயில் கழுத்துப் பச்சை வென்றது.
பதாகை பற்றிப் பேச்சு வந்தது.
"அத ஆரு கா வாசிக்கிற?" என்றா யூனிஸ்.
யாரும் வழிமொழியவில்லை.

இப்போது வராதவர் பெயருக்கு எதிரே
ஒரு கோடு விடுகிறேன்,
யார் போய்ப் பார்த்தது என்று எழுத.
இந்த மாதம் நாலு கோடு வெறுமை.
வாசித்தேன்.
தலைவி ஒப்பம் வைக்கவில்லை,
குடையை எடுத்துக்கொண்டு எழும்பினா.